கூரின்மையும் கூரிய சொல்லும்

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளரும் தமிழன்பரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



“தமிழ் பாட்டுக்கு ஆகும்; வழிபாட்டுக்கு ஆகும்; மேடை முழக்கத்துக்கும் ஆகும். இற்றை அறிவியலின் நுண்பொருளைச் சொல்லுதற்கு ஆகாது” என்பார் நம்மிடையே இன்றும் உளர். அவர்க்கு விடையாக நெடுங்காலம் முழக்கங்களே எழுப்பப்பெற்று வந்தன. முழக்கம் விடையாகாது. நீந்தத் தெரியுமா என்று கேட்டவனுக்கு ஆற்றில் இறங்கி நீந்திக் காட்டுவதே விடை. ஆதலின், ஆங்கிலவழிக் கற்ற மாணவரும் இடறி விழுகின்ற அறிவியற் பகுதியொன்றை எடுத்து, அதனைத் தமிழிலேயே கடந்து காட்டுவது இவ்வுரையின் நோக்கம். பொருள்கள் ஒளியை உட்கொள்ளும்பொழுது ஆற்றலுக்கும் காலத்துக்கும் இடையே அமைகின்ற ஓர் உறவே அப்பகுதி.

அதனைத் திருப்பூரில் நின்று பேசுவது மிகவும் பொருத்தமாகும். ஒளியை உட்கொள்ளும் பொருளை நாள்தோறும் கையாண்டு பிழைக்கின்ற ஊர் இது.

சாயப்பட்டறையும் ஒளியும்

துணி சிவப்பாகத் தோன்றுவது, சாயம் சிவப்பைப் படைத்துத் தருவதாலன்று. துணிமேல் விழுகின்ற வெள்ளொளியில் நீலத்தையும் பச்சையையும் சாயம் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சிவப்பை வாங்காது விட்டுவிடுகிறது. விடப்பட்ட ஒளியே கண்ணுக்கு வருகிறது. எனவே, நிறம் என்பது உண்டது போக எஞ்சிய மிச்சம்.

இதனைச் சாயப்பட்டறைகள் நன்கறியும். அயல்நாட்டு வணிகரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பெறும் நிறமாதிரித் துணி, விளக்குப் பெட்டியுள் பலவகை ஒளியில் வைத்துப் பார்க்கப்படுகிறது. அதனினும் நுட்பமாகப் பார்க்க வேண்டின், நிறமானி என்னும் கருவி உதவுகிறது. மீட்டரின் நூறு கோடியில் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைப் பத்துப் பத்தாகப் பகுத்து, 31 இடங்களில் துணி எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று அளந்து, அக்கருவி ஒரு வளைகோடு வரைந்து தருகிறது. அவ்வளைகோட்டின் பள்ளமெல்லாம் சாயம் உண்ட ஒளி. மேடெல்லாம் சாயம் விட்ட ஒளி.

அந்தப் பள்ளம் ஏன் கிணறு போல் ஒடுங்கி நேரே இறங்காமல், குளம் போல் அகன்று சரிந்து கிடக்கிறது? இவ்வினாவிலிருந்தே நுண்பொருள் தொடங்குகிறது.

படியும் புதிரும்

1900-ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் மாக்சு பிளாங்கு, ஆற்றல் ஒழுக்காகப் பாய்வதில்லை, துளித்துளியாகவே கைமாறுகிறது என்னும் கருத்தை வெளியிட்டார். மேலையர் குவாண்டம் என்பது இத்துளியையே. 1905-இல் ஐன்சுடைன் ஒளியே துளிகளாக நடந்துகொள்கிறது என்றார். ஒளியின் அதிர்வெண்ணைப் பிளாங்கு மாறிலியால் பெருக்க, ஓர் ஒளித்துளியின் ஆற்றல் கிடைக்கும். 1913-இல் தென்மார்க்கு நாட்டு நீல்சு போர், அணுவினுள் மின்மிகள் எவ்வாற்றலோடும் இருந்துவிட முடியாது. ஏணியின் படிபோல் வரையறுத்த நிலைகளிலேயே நிற்க முடியும் என்று காட்டினார். கீழ்ப்படியினின்று மேற்படிக்கு ஏற எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அவ்வளவு ஆற்றலுடைய ஒளித்துளியையே அணு உட்கொள்ளும்.

பள்ளிப் பாடம் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால், எண்ணிப் பார்ப்பவர்க்கு இங்கே ஒரு புதிர் தோன்றும். படியின் ஆற்றல் அகலமே இல்லாத கோடாயின், அதற்கு முற்றும் இணையான ஒளி எது? எத்துணை நெருங்கி வந்த ஒளியும் நூறாயிரத்தில் ஒரு பங்கேனும், கோடியில் ஒரு பங்கேனும் மிகுந்தோ குறைந்தோ இருக்குமன்றோ? கதிரவனின் வெள்ளொளியில் எல்லா அதிர்வெண்ணும் அடங்கியிருப்பினும், அகலமற்ற ஒரு கோட்டிற்குள் அடங்கும் ஒளியின் அளவு சுழியமே. அங்ஙனமாயின் எவ்வணுவும் எவ்வொளியையும் உட்கொள்ளுதல் இயலாது. உலகில் நிறமே இருத்தலாகாது. ஆனால் நிறம் இருக்கிறது. எனவே, படிக்கு அகலம் உண்டு. அவ்வகலம் எங்கிருந்து வந்தது?

வரிசை எண்ணும் கணக்கு

விடையைப் பின்னலாடையிலேயே காணலாம். துணியின் நெருக்கத்தை அறிய, ஓர் அங்குலத்தில் எத்தனைக் கண்ணி வரிசைகள் உள்ளன என்று எண்ணுவது வழக்கம். ஓர் அங்குலத் துண்டு மட்டும் கையிலிருந்தால், எண்ணிக்கை நாற்பதா நாற்பத்தொன்றா என்னும் ஐயம் விளிம்பில் வந்து நிற்கும். ஏறத்தாழ ஒரு வரிசை முன்பின்னாகும். நூறு அங்குலத் துணி இருந்தால், விளிம்பில் அதே ஒரு வரிசையே முன்பின்னாகும். ஆனால் அப்பிழை நாலாயிரம் வரிசைகளின்மேற் பரவிப்போகும். ஓர் அங்குலத்துக்கு உரிய எண் நூறு மடங்கு கூர்மையாகக் கிடைக்கும். துண்டு குறுகக் குறுக எண் மழுங்கும். துண்டு நீள நீள எண் கூராகும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒன்று.

ஒளியும் அலையாதலின், இக்கணக்கு அதற்கும் பொருந்தும். துணியின் நீளத்துக்கு மாற்றாக அலை நீடிக்கும் காலத்தையும், கண்ணி வரிசைக்கு மாற்றாக அலை முகட்டையும் வைத்துக்கொள்ளலாம். சிறிது காலமே நீடித்த அலைக்கு ஒற்றை அதிர்வெண் என்பதே இல்லை. பல அதிர்வெண்கள் கலந்த கலப்பே அது. அலை நீடிக்கும் காலத்தையும் அதிர்வெண்ணின் அகலத்தையும் பெருக்கினால், அலை ஓயும் முறைக்கேற்பச் சற்றே மாறுகின்ற ஒரு சிறிய எண் வரும். அதிர்வெண்ணைப் பிளாங்கு மாறிலியாற் பெருக்கினால் ஆற்றல் என்று முன்னரே கண்டோம். ஆகவே, ஆற்றலின் அகலமும் காலத்தின் அளவும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. ஒன்று சுருங்கினால் மற்றொன்று விரிந்தே ஆகும். 1927-இல் ஐசன்பர்க்கு இவ்வுறவைக் கூறினார். அவ்வாண்டே இத்தாலியின் கோமோ நகரில் உரையாற்றிய போர், அலையின் இயல்பிலிருந்தே இதனை விளக்கினார்.

உவமை இங்கு ஒரு வகையிற் குறையுடைத்து. துணியில் வரிசைகள் முன்னரே உள்ளன. எண்ணுபவர்க்கே எண் தெளிவாகவில்லை. அலையிலோ, குறுகிய அலைக்கு ஒற்றை எண் உண்மையிலேயே இல்லை. கருவியை மாற்றியும் அதனைப் பெறமுடியாது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இனி அணுவுக்கு வருவோம். கீழ்ப்படியில் அணு எல்லையின்றி நிற்கவல்லது. அதனால் கீழ்ப்படியின் ஆற்றல் கூரியது. மேற்படியிலோ அது சிறிது நேரமே தங்கும். தங்கிவிட்டு ஒளியை உமிழ்ந்து இறங்கிவிடும். தங்கும் காலம் குறுகியதாதலின், மேற்படியின் ஆற்றல் ஒரு கோடாக இராமல் ஒரு பட்டையாக அகன்று நிற்கும். அவ்வகலத்துள் எங்கு விழுந்தாலும் ஒளியை அணு ஏற்கும். நடுவில் மிகுதியாகவும் ஓரத்திற் குறைவாகவும் ஏற்கும். 1930-இல் வைசுகாப்பு, விக்னர் என்னும் இருவர் இதனை முறையாகக் கணக்கிட்டுக் காட்டினர். இதற்கு இயல்பகலம் என்று பெயரிடலாம். படியின் அகலத்துக்கு விடை இதுவே.

உப்பின் மஞ்சள்

எண்ணோடு காண வேண்டின், அதற்குரிய பொருளும் சாயப்பட்டறையிலேயே கிடக்கிறது. பருத்திக்குச் சாயமேற்றும்போது சாயத்தொட்டியில் உப்பு இடுகின்றனர். நீரில் நனைந்த பருத்தியிழையும் சாயத் துகளும் ஒரேவகை மின்னேற்றம் உடையவாதலின் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அத்தள்ளுதலைத் தணித்துச் சாயத்தை இழையோடு சேர்க்கும். கறியுப்பாயினும் கிளாபர் உப்பாயினும் அதிலுள்ள மாழை சோடியம். அவ்வுப்பிற் சிறிது நெருப்பில் தூவினால் பளிச்சென மஞ்சள் ஒளி தோன்றும். தெருக்களில் முன்பு பரவலாக எரிந்த சோடிய விளக்கின் மஞ்சளுக்கும் மூலம் இதுவே.

அம்மஞ்சள் 589.0, 589.6 நானோமீட்டர் என்னும் நெருங்கிய இரண்டு கோடுகளாலானது. அதன் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 5 கோடி கோடி. சோடிய அணு தன் மேற்படியில் தங்கும் காலம் சராசரியாக, நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் 16 கூறு. அதற்குள் அலை 80 நூறாயிரத்துக்கு மேற்பட்ட முறை அதிர்ந்துவிடுகிறது. அவ்வலைத் தொடரின் நீளம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். ஒரு சேலையின் நீளத்துக்குச் சற்றே குறைவு. இவ்வளவு நீண்ட ‘துணி’ ஆதலின் எண் மிகக் கூராக வருகிறது. ஆயினும் முழுக்கூர் இல்லை. கணக்கிட்டால் இயல்பகலம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி அதிர்வு. ஐந்து கோடி கோடியில் ஒரு கோடி. அஃதாவது ஐந்து கோடியில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய இடைவெளியின் வழியாகவே சோடியம் தன் ஒளியை உண்கிறது.

சூடான ஆவியில் அணுக்கள் எதிரும் புதிருமாய் ஓடுவதால் கோடு இதனினும் நூறு மடங்குக்கு மேலும் அகன்று தோன்றும். அணுக்களின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தியோ குளிர்வித்தோ பார்த்தால், ஓட்டத்தால் வந்த அகலம் உதிர்ந்துவிடும். இயல்பகலம் மட்டும் எஞ்சி நிற்கும். அதனை எவ்வகைத் திறமையாலும் உதிர்க்க இயலாது.

இதற்கு மறுதலையும் உண்டு. நெடிது நிற்கும் படிகள் மிகக் கூரியன. 1967 முதல் நொடி என்னும் அளவே சீசியம் அணுவின் இரண்டு படிகளுக்கிடைப்பட்ட 9,192,631,770 அதிர்வுகளைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அப்படிகள் நெடுங்காலம் நிற்பனவாதலின், காலத்தை அளக்கும் கோலாகும் கூர்மை அவற்றுக்கு வாய்த்தது.

சாயத்தின் அகலம் வேறு

“அங்ஙனமாயின் நிறமானி வரைந்த குளம் போன்ற பள்ளமும் இக்காரணத்தாலேயே அகன்றதோ?” என்று கேட்கலாம். அன்று. அறிவியலை எளிமைப்படுத்துவோர் பலர் சறுக்குமிடம் இது.

சாயத்தின் பள்ளம் நூறு நானோமீட்டர் அளவுக்கு அகன்றது என்று கொள்வோம். அது நொடிக்கு ஒரு கோடி கோடி அதிர்வு அகலம். மூலக்கூறு ஒளியை உண்டு மேற்படியில் தங்கும் காலம், சாயங்கள் பலவற்றில், நொடியை நூறாயிரங் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒன்றிரண்டு கூறே. அத்துணைக் குறுங்காலத்துக்குரிய இயல்பகலங்கூட ஏறத்தாழ 16 ஆயிரம் கோடி அதிர்வுதான்; பள்ளத்தின் அகலத்தில் அறுநூற்றிலொரு பங்கு. எஞ்சிய அகலமெல்லாம் வேறு வழியில் வந்தது. சாய மூலக்கூறு பல அணுக்கள் கோத்த கொத்து. அது ஓயாது நடுங்குவது. அந்நடுக்கங்கள் படிக்குப் படி பல கிளைப்படிகளை உண்டாக்கும். அதனைச் சூழ்ந்த நீரும் இழையும் ஒவ்வொரு மூலக்கூற்றையும் ஒவ்வொரு வகையாய் நெருக்கும். இவையெல்லாம் ஒன்றன்மேலொன்று படிந்து குளமாகின்றன.

வெள்ளைப் பின்னலாடைக்கு இடும் ஒளிர்வெண்மைப் பொருளும் இத்தகையதே. கண்ணுக்குப் புலனாகாத புறவூதா ஒளியை உண்டு, நீல ஒளியாய் உமிழ்ந்து, துணியை வெண்மையினும் வெண்மையாய்க் காட்டுவது அது. உண்டதற்கும் உமிழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு நடுக்கமாகவும் வெப்பமாகவும் செலவாகிறது. அங்கும் கணக்கு நேராகவே இருக்கிறது.

எனவே, அகலம் என்னும் ஒரே தோற்றத்துக்குப் பல மூலங்கள் உண்டு. அவற்றுள் காலத்தின் குறுமையால் வருவது ஒன்றே நீக்கவியலாதது. அதனையும் மற்றவற்றையும் ஒரே பெயரால் அழைப்பது அறிவுக் குழப்பத்துக்கு வழிசெய்யும்.

சொல் செய்த பிழை

பெயரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. ஐசன்பர்க்கின் கொள்கையை நம் நூல்களிற் பலவும் ‘நிச்சயமற்ற கொள்கை’ என்று வழங்குகின்றன. சிலர் ‘ஐயப்பாட்டுக் கொள்கை’ என்பர். ஆங்கிலத்திலுள்ள சொல்லைப் பார்த்துச் செய்த பெயர்கள் இவை. முன்னது வடசொல் என்பது ஒரு குறை. அதனினும் பெருங்குறை, இரண்டும் பொருளைக் கெடுப்பதே. ஐயம் என்பது மாந்தன் உள்ளத்தில் நிகழ்வது. பெட்டியுள் இருப்பது பொன்னா செம்பா என்று அறியாதவனுக்கு ஐயம் உண்டு. பெட்டிக்கு ஐயம் இல்லை. இப்பெயரைக் கேட்ட மாணவன், “ஆற்றல் என்னவோ ஓர் எண்ணாகத்தான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை, நல்ல கருவி வந்தால் தெரிந்துவிடும்” என்றே கருதிக்கொள்வான். உண்மை அஃதன்று. குறுங்காலமே நிற்கும் நிலைக்கு ஒற்றை ஆற்றல் இல்லை. குறை அறிவிலில்லை, பொருளின் இயல்பே அது.

செருமானியர் தம் மொழியில் இவ்வுறவை வழங்கும் பெயரின் நேர்ப்பொருள் ‘கூரின்மை உறவு’ என்பதாகும். விளிம்பு தெளிவற்ற படத்தைக் குறிக்க அவர்தம் அன்றாடப் பேச்சில் வழங்கும் சொல்லையே அறிவியலுக்கும் எடுத்துக்கொண்டனர். தமிழிலும் ‘கூரின்மை’ என்று சொன்னால் என்ன குறை? கூர், கூர்மை, கூரிய என்பன உழவன் கொழுவுக்கும் தையற்காரன் ஊசிக்கும் வழங்கும் சொற்கள். கூரற்றது எனின் அகன்றது, மழுங்கியது என்பது சிறுவனுக்கும் விளங்கும். ‘ஆற்றற் கூரின்மை’ என்ற அளவிலேயே, ஆற்றல் ஒரு கோடாக இல்லை, பட்டையாக இருக்கிறது என்னும் கருத்து விளக்கமின்றியே உள்ளத்திற் பதியும். சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும்.

‘காலம்’ என்பதிலும் தெளிவு வேண்டும். கடிகாரம் காட்டும் நேரத்தில் மழுக்கம் உண்டு என்பது இதன் பொருளன்று. 1945-இல் உருசிய அறிஞர் மண்டெல்சுதாமும் தாமும் இதனைத் தெளிவாக்கினர். ஒரு பொருளின் நிலை கண்டறியத்தக்க அளவு மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அக்காலமே இவ்வுறவில் வருவது. ஆற்றல் கூராயிருக்கும் பொருள் மாறாது கிடக்கும். விரைந்து மாறும் பொருளின் ஆற்றல் கூராக இராது. இதனை ‘மாறுகாலம்’ என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

கடனன்று, கணக்குத் தவறாது

தவறான பெயரிலிருந்து மற்றொரு பிழையும் கிளைத்தது. “சிறிது நேரத்துக்கு இயற்கையிடம் ஆற்றலைக் கடன் வாங்கலாம், விரைவில் திருப்பிக் கொடுத்துவிட்டால் இயற்கை கண்டுகொள்ளாது” என்று எழுதுவோர் பலர். கேட்பதற்கு இனிய கதை. கைமாற்றும் தவணையும் அறிந்த இவ்வூருக்கு எளிதில் விளங்கவும் செய்யும். ஆனால் அது பொய். ஆற்றல் அழியாமை விதி ஒரு நொடியும், நொடியின் எச்சிறு கூறும் தளர்வதில்லை.

பட்டையின் நடுவிலன்றி ஓரத்தில் அமைந்த, மெல்லிய, ஒரே அதிர்வெண் கொண்ட ஒளியைச் சோடிய அணுவின்மேல் விழச்செய்தால், அணு அதனைச் சிறிதளவு ஏற்றுத் திரும்ப உமிழும். உமிழும் ஒளியின் அதிர்வெண் யாது? அணுவுக்குரிய நடு அதிர்வெண் அன்று. வந்த ஒளியின் அதிர்வெண்ணே. வந்தது எவ்வளவோ அவ்வளவே வெளியேறியது. இடையில் எவரும் கடன் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை.

இதற்கு இன்னும் சிறந்த சான்று தமிழ்மண்ணிற் பிறந்த இருவரின் உழைப்பால் வெளிப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த ச. வெ. இராமனும், வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த க. சீ. கிருட்டிணனும் கல்கத்தாவில் ஆய்ந்து 1928 பிப்பிரவரியில் கண்ட விளைவை உலகம் இராமன் விளைவு என்றழைக்கிறது. 1930-இல் அதற்காக இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தெளிந்த நீர்மத்தின் வழியே ஒளியைச் செலுத்தியபோது, சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வந்தது. செலுத்திய ஒளி அம்மூலக்கூற்றின் எப்படிக்கும் பொருந்தாதது. பொருந்தாமையின் அளவு மிகப் பெரிதாயின், மூலக்கூறு அவ்வொளியோடு உறவாடும் காலம் மிகச் சிறிதாகும். நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றினும் குறைவாகவும் அமையும். அவ்வளவு குறுங்காலத்து நிலைக்குக் கூரிய ஆற்றல் என்று ஒன்று இல்லை. ஆகவே அங்குப் பொருந்தாமை தடையாகவில்லை. ஆனால், ஒளி வெளிவந்தபின் கணக்கைப் பாருங்கள். ஒளி இழந்த ஆற்றல் எவ்வளவோ, மூலக்கூற்றின் நடுக்கம் பெற்ற ஆற்றல் அவ்வளவே. ஐந்தொகையில் ஓர் எண்ணும் பிசகவில்லை. அவ்வாறு பிசகாமையாலேயே, இழந்த ஆற்றலை அளந்து பொருள் இன்னதென்று கண்டறிய இராமன் விளைவு இன்றும் ஆய்வகங்களிற் பயன்படுகிறது.

ஒளியே குறுகியதாயினும் இக்கணக்குத் தவறாது. மிகக்குறுங்கால ஒளித்துடிப்புகளை உண்டாக்கும் முறைகளுக்காக 2023-இல் அகோத்தினி, கிரௌசு, உலூலியே ஆகிய மூவர்க்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அத்துணைக் குறுகிய துடிப்பு ஒற்றை நிறத்ததாய் இருத்தல் இயலாது. அதனுள் விரிந்த அதிர்வெண் கலப்பு அடங்கியுள்ளது. அணு தனக்குப் பொருந்தியதை அக்கலப்பினின்று எடுத்துக்கொள்கிறது. அகலம் படியிலிருக்கலாம், ஒளியிலிருக்கலாம். விதி மீறல் எங்கும் இல்லை.

குற்றியலுகரமும் இல்லாத பெருமையும்

தமிழறிஞர் கூட்டத்தில் இதனைப் பேசும்போது ஒருவர்க்குக் குற்றியலுகரம் நினைவுக்கு வருதல் இயல்பு. தொல்காப்பியர் எழுத்தைக் காலத்தால் அளந்தவர். இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என வகுத்தவர். ஒரு மாத்திரை பெறும் உகரம், சில இடங்களில் அரை மாத்திரையாகக் குறுகும்போது ஒலியிலும் தன்மை குறைந்து, இதழ் முழுதும் குவியாமல், உகரமா அன்றா என்னும்படி நிற்கிறது. ‘பசு’ என்பதன் ஈற்றையும் ‘பஞ்சு’ என்பதன் ஈற்றையும் ஒலித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். காலம் குறுகினால் ஒலியின் கூர்மையும் குறைகிறது. கூரின்மையை மாணவர்க்கு விளக்க இதனினும் இனிய தமிழுவமை கிடைப்பது அரிது.

ஆயினும், உவமையை உவமையாகவே நிறுத்த வேண்டும். “துளியக் கொள்கையைத் தொல்காப்பியரே கண்டுவிட்டார், மேலையர் பின்னர்க் கண்டனர்” என்று எவரேனும் முழங்கின், அதற்குக் கைதட்டுதல் தமிழ்ப்பற்றாகாது. உகரம் குறுகுவது வாயின் முயற்சி பற்றியது. அணுவின் படி அகல்வது அலையின் இயல்பு பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. தொல்காப்பியர் ஒலியைக் கூர்ந்து நோக்கி, அளந்து, வகைப்படுத்திச் சொன்னார். அவருடைய பெருமை அந்நோக்கிலும் அளவையிலும் உள்ளது. அப்பெருமைக்கு வேறு ஒட்டுப்போட வேண்டுவதில்லை. இல்லாத பெருமையைச் சூட்டினால், உள்ள பெருமையையும் உலகம் ஐயுறும். தமிழை ஆகாது என்று இகழ்வாரும், தமிழில் எல்லாம் முன்னரே உண்டு என்று புகழ்வாரும் ஒரு வகையில் ஒத்தவரே. இருவரும் இனிச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது விடுகின்றனர்.

திருப்பூர் காட்டும் வழி

அவ்வேலை செய்யத்தக்கதே என்பதற்குத் திருப்பூரே சான்று. ‘பின்னலாடை’ என்னும் சொல்லைப் பாருங்கள். இயந்திரமும் அதன் பெயரும் அயலிலிருந்து வந்தன. ஆயினும் பின்னல், ஆடை என்னும் இரண்டு பழஞ்சொற்கள் கைகோத்து ஒரு தொழிலுக்கே பெயராயின. நாளிதழும் வணிகரும் அரசும் இன்று அச்சொல்லைத் தயங்காது வழங்குகின்றனர். நூற்பாலை, சாயப்பட்டறை என்பனவும் அங்ஙனமே. பொருளுக்குப் பொருந்திய சொல்லை மக்கள் தள்ளுவதில்லை.

அறிவியலிலும் முன்னோடிகள் இலர் என்பதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கர் சாமுவேல் கிரீன், 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக் கலைச்சொற்கள் படைத்தார். கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ இதழ் அறிவியலைத் தமிழில் எழுதி வந்தது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலின் இரண்டு பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. பாதை உண்டு, நடப்போர் தொகையே போதாது.

இது மொழியின் பெருமை பற்றிய செய்தி மட்டுமன்று; பிழைப்பையும் பற்றியது. மஞ்சள் ஒளி தரும் அதே உப்பு, சாயக் கழிவோடு நொய்யலில் இறங்கியது. 1992-இல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் உவர்க்கழிவின் தேக்கமாயிற்று. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எய்தும் வரையில் சாயப்பட்டறைகளை மூட வேண்டுமென 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சாயத்தின் நிறத்தை நீரினின்று நீக்கிவிட்டால் நீர் தெளிந்து தோன்றும். ஆனால் உப்பு கண்ணுக்குப் புலனாகும் ஒளி எதனையும் உண்பதில்லை. ஆகவே, உவர்நீர் தெளிந்த நீர்போலவே தோன்றும். நிறம் போயிற்று, நஞ்சும் போயிற்று என்று நம்புவோர் ஏமாறுவர். எது ஒளியை உண்ணும், எது உண்ணாது என்னும் அறிவு உழவனுக்கும் தொழிலாளிக்கும் அவரவர் மொழியிற் சென்றிருப்பின், தெளிந்த நீரைக் கண்டு ஏமாறாது வினவும் வாய்கள் பெருகியிருக்கும்.

சாயப்பட்டறையில் நிறமானியின் முன் நிற்கும் இளைஞன் பொத்தானை அழுத்துகிறான், வளைகோடு வருகிறது, ஒத்தது, ஒவ்வாதது என்று கருவி சொல்கிறது. அவ்வளைகோடு என்னவென்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் ஆங்கிலத்தில் அறிந்திருந்தார். கேட்க வேண்டியவன் தமிழில் காத்திருந்தான். இடையிலிருந்த பள்ளத்தைத் தூர்ப்பதே தமிழாசிரியர், அறிவியலாசிரியர் இருவர் கடமையுமாகும். ஒருவர் சொல் தரவேண்டும். மற்றவர் பொருள் தரவேண்டும். சொல்லறிந்தவர் பொருளறியாது படைத்தால் ‘ஐயப்பாடு’ போன்ற பிழை நேரும். பொருளறிந்தவர் சொல்லறியாது எழுதினால் அயற்சொற்களின் குவியலே மிஞ்சும்.

அன்பர்களே! ஒவ்வோர் ஊர்ப்பள்ளியிலும் இவ்விருவரும் மாதம் ஒரு மாலை உட்கார்ந்து, ஒரே ஒரு கருத்தை எடுத்து, அது பிழையின்றி விளங்கும்வரை தமிழில் எழுதிப் பார்க்கட்டும். எழுதியதைச் சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரிடம் படித்துக் காட்டட்டும். அவர்க்கு விளங்கவில்லையெனின் மீண்டும் எழுதட்டும். ‘கூரின்மை’ என்னும் சொல்லினும் சிறந்ததொன்று அவர் வாயிலிருந்தே வருமாயின், அதனையே ஏற்றுக்கொள்ளட்டும். தமிழ் வளர்வது இவ்வழியில்தான்.

வாழ்க தமிழ்!